கண்ணளவில் வெட்டிய சட்டைகள்

பிப்ரவரி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருக்கும் தையல் கடைக்கு, கடல் கடந்த ஓர் ஊரிலிருந்து நாற்பத்து நான்கு குழந்தைகளின் உடலளவுகள் எழுதிய இரண்டு தாள்கள் வந்து சேர்ந்தன.

கொண்டுவந்தவர் பல் டாக்டர். வெளிநாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பது முப்பத்தைந்து பேர் இருப்பார்கள், முக்கால்வாசிப் பேர் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள். நோயாளியை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் கண்ணாடியும் ஊசியும் இருக்கிற நேரமாகப் பார்த்து, "நம்ம சங்கத்துல சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்பார். அந்த நிலையில் யாராலும் மறுத்துப் பேச முடிந்ததில்லை.

இளநீலத் துணிக்கட்டைத் தோளிலிருந்து வெட்டு மேஜையில் இறக்கிவிட்டு டாக்டர் மூச்சு வாங்கினார்.

"அம்மா, ஜூன் ரெண்டாம் தேதி அங்க பள்ளிக்கூடம் திறக்குது. சீருடைச் சட்டை இல்லாத பிள்ளைய வாசல்லயே நிறுத்திடுவாங்களாம், அந்த நாட்டு விதி அப்படி. துணி சங்கத்தோடது, தையல் உங்களோடது. ஒத்துக்கிட்டது ஞாபகம் இருக்குல்ல?"

"மறக்குமா? கடவாப் பல்லுல நீங்க துளை போட்டப்பதானே ஒத்துக்கிட்டேன்" என்றாள் கடைக்காரி.

கடைக்காரிக்கு அந்தத் தெருவில் கண்ணளவு அக்கா என்று பெயர். அவள் கழுத்தில் அளவு டேப் ஒன்று எந்நேரமும் தொங்கும். ஆனால் அதை எடுத்து யாரையும் அளந்ததைப் பார்த்தவர்கள் கிடையாது. மாடிப்படியில் ஆள் ஏறி வரும்போதே ஒரு பார்வை பார்ப்பாள். அவர் மேலே வந்து நிற்பதற்குள் தோள், மார்பு, கை நீளம், உயரம் எல்லாம் நோட்டில் ஏறியிருக்கும். நம்பாதவர்கள் வேறு கடையில் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, அசடு வழியத் திரும்பி வந்திருக்கிறார்கள். பஸ் ஓட்டும் அவள் கணவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட அளவெடுத்ததில்லை. அவர் எடை ஒரு கிலோ கூடினால் அது அவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பயம்கூட உண்டு.

கடையில் அவளுக்குத் துணை அவள் நாத்தனார். கணவரின் தங்கை. சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை என்பதால் அவள் பெயரே காஜாவாகிவிட்டது. ஊசியைவிட அவள் வாய் கூர்மை.

டாக்டர் படியிறங்கியதும் காஜா தாளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"முதல் பிள்ளை, ஒன்பது வயசு. மார்பு இருபத்தெட்டு. தோள் பன்னிரண்டரை."

"திரும்பப் படி."

"ஒன்பது வயசு. இருபத்தெட்டு."

"ஒன்பது வயசுக்கு எங்கடி இருபத்தெட்டு? கீழ இரும்புக் கடைக்காரர் பையன் இருக்கானே, மூணு வேளைச் சாப்பாட்ட ஆறு வேளையாத் திங்கிறவன், அவனுக்கே இருபத்தேழுதான். சாப்பாட்டுக்கே வழியில்லாத பிள்ளைக்கு இருபத்தெட்டா? எழுதினவங்களுக்கு டேப் பிடிக்கத் தெரியல."

"நாற்பத்து நாலு பிள்ளைக்குமா தெரியாமப் போச்சு?"

"இல்லடி, ஆசை. பெருசா எழுதிக் குடுத்தா பெருசாத் தைச்சு வரும், ரெண்டு வருஷம் போட்டுக்கலாம்னு நெனச்சிருப்பாங்க. பாவம்."

அந்தப் "பாவம்" என்ற சொல்லோடு தாளின் விதி முடிந்தது. அக்கா அதை மடித்து, நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

தாளோடு ஒரு புகைப்படமும் வந்திருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு முன்னால் இரண்டு வரிசையாகப் பிள்ளைகள், ஓரத்தில் கண்ணாடி போட்ட தலைமையாசிரியர். பிள்ளைகள் மேல் கிடந்தவை யார் யாரோ கொடுத்த பெரியவர்களின் சட்டைகள். கை முழங்கைக்குக் கீழே தொங்கியது, கழுத்து தோளில் நழுவியது. அந்தத் துணிகளுக்குள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருந்தது.

அக்கா படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். கண்களைச் சுருக்கினாள். பிறகு ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தாள்.

"வாத்தியார் நாலு இஞ்ச் இருக்காரு. வாத்தியார்னா சாதாரண ஆள்தானே, அஞ்சரை அடின்னு வெச்சுக்கோ. முன்வரிசைப் பிள்ளை ரெண்டே கால் இஞ்ச். அப்படின்னா மூணடிக்கு ஒரு சாண்கூட மேல இல்ல. பாரு, தலை அவரு இடுப்பத் தாண்டல. இந்தப் பிள்ளைக்கு இருபத்தெட்டு இஞ்ச் சட்டை போட்டா அது கூடாரம்."

"எதுக்கும் தாளுல உள்ளபடியே வெட்டிடலாமே அண்ணி? கேட்டது அவங்க. குடுக்கிறது நாம. நடுவுல கண்ணு எதுக்கு?"

"முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கோணிப்பை மாதிரி சட்டை போட்டுக்கிட்டுப் போனா மத்த பிள்ளைங்க என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாது. உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இருந்ததில்ல."

அக்காவுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு முழுக்கச் சித்தப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனவள் அவள். அப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். காற்றடித்தால் சட்டை ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள் என்று வகுப்பே சிரிக்கும். தையல் கற்றுக்கொண்டதே அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான். எனவே காஜாவின் பேச்சு எடுபடவில்லை. சாக்பீஸால் கோடு விழுந்தது, கத்தரி ஓடியது. ஒவ்வொரு சட்டையிலும் மார்பில் மூன்று இஞ்சும் நீளத்தில் நான்கு இஞ்சும் குறைந்தன.

அப்படிக் குறைத்ததில் துணி மிஞ்சியது. மிஞ்சிய துணியில் இன்னும் எட்டுச் சட்டை தைத்தாள். நாற்பத்து நான்கு கேட்ட இடத்தில் ஐம்பத்திரண்டு கட்டிக் கொடுத்தபோது பல் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மார்ச் மாதக் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்து, சங்கத்திலேயே அதிகம் கொடுப்பவரான பெயிண்ட் கடைக்காரர் கையால் சான்றிதழ் கொடுக்க வைத்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். அது மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. ஒரு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் நர்சுகளின் சீருடையையும் இங்கேயே கொடுப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

"நர்சுங்களையும் போட்டோவுல பார்த்தே வெட்டிடுவீங்களா?" என்று கேட்டாள் காஜா.

"பொறாமைப்படாம பட்டன வை."

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நூலகத்து மாடிக் கூடத்தில் சங்கம் கூடியது. மூட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் சட்டை போட்டுக்கொண்டு வீடியோவில் நேரடியாக நன்றி சொல்லப்போகிறார்கள். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். அக்காவுக்கு முன்வரிசையில் நடு நாற்காலி. பக்கத்தில் காஜா.

முதல் ஆறு நிமிடம் "கேக்குதா?", "கேக்குது, உங்களுக்குக் கேக்குதா?" என்பதிலேயே போனது. பிறகு படம் தெளிந்தது. வெறும் வகுப்பறைதான் தெரிந்தது, பலகையும் பெஞ்சும் ஒரு கதவும். கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் நிலையில் தலை இடிக்காமல், மடங்கிய குடை மாதிரிக் குனிந்து உள்ளே வந்தார். வந்து நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் கழுத்துக்கு மேலே திரையில் இடமில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ கேமராவை மேல்நோக்கித் திருப்ப வேண்டியிருந்தது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகைப்படத்தில் இருந்த அதே வாத்தியார்.

"அண்ணி" என்று காதோரம் வந்தது காஜாவின் குரல். "சாதாரண ஆளு அஞ்சரை அடின்னீங்களே, அவரா இவரு?"

"சும்மா இருடி."

"ஏழடிக்கு நாலு விரக்கடைதான் குறைச்சல்."

அதற்குள் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். நல்ல வாகான பிள்ளைகள். ஒல்லி உண்டு, பூசினாற்போல உண்டு, எந்த ஊர்ப் பள்ளியிலும் இருக்கிற மாதிரிதான். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். இளநீலச் சட்டைகள் அவர்கள் மேல் தோல் மாதிரி ஒட்டியிருந்தன. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே துணி வாய் பிளந்திருந்தது. சொல்லிக்கொடுத்தபடி எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்கள். கைகளோடு சட்டைகளும் உயர்ந்தன. திரை முழுக்கத் தொப்புள்கள்.

கூடத்தில் யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்போது கடைசி வரிசைப் பையன் ஒருவன் தும்மினான். அவன் பட்டன் ஒன்று விடுபட்டுப் பறந்து பலகையில் டிங் என்று பட்டது. அந்தச் சத்தம் இங்கேயும் துல்லியமாகக் கேட்டது. அவ்வளவு நேரம் "கேக்குதா?" என்று கேட்டதற்கு அதுதான் பதில்.

"காஜா நல்லாத்தான் எடுத்திருக்கேன்" என்று முணுமுணுத்தாள் காஜா. "பட்டனும் நல்லாத்தான் வெச்சேன். இதுக்கு மேல நூலு என்ன பண்ணும்?"

தலைமையாசிரியர் பேசினார். பல் டாக்டர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். உங்கள் அன்புக்கு நன்றி. தையல் மிக நேர்த்தி, இந்த ஊரில் இப்படி ஒரு காலரை யாரும் பார்த்ததில்லை. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததால் பிள்ளைகள் திடீரென்று வளர்ந்துவிட்டார்கள், அது எங்கள் பக்கத்துத் தவறு, மன்னிக்க வேண்டும். ஓரத் தையலைப் பிரித்து அரை இஞ்ச் விட்டுப் பார்த்தோம். எட்டாத பிள்ளைகளுக்கு ஜூன் இரண்டாம் தேதிக்குள் ஏதாவது வழி செய்துகொள்கிறோம்.

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிள்ளைகளும் பற்களைக் காட்டிச் சிரித்தார்கள். ஆழமாக மூச்சு விடாமல்.

அவர் பொய் சொல்கிறார் என்று அக்காவுக்கு உடனே தெரிந்தது. பொருள் கொடுத்தவர்கள் முகம் கோணக்கூடாது என்பதற்காக மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டார். மழைக்கு என்ன தெரியும்?

பெயிண்ட் கடைக்காரர் எழுந்தார்.

"டாக்டர், ரெண்டரை மாசத்துல நாலு இஞ்ச் வளர்றதுக்குப் பிள்ளைங்க என்ன கொடியா? நான் சொல்றேன் கேளுங்க. அளவெடுக்கத் தெரியாம கண்டதையும் எழுதி அனுப்பியிருக்காங்க. நம்ம துணி போச்சு, அக்காவோட உழைப்பு போச்சு. ஒரு சட்டைக்கே அளவு குடுக்கத் தெரியாதவங்ககிட்ட வருஷா வருஷம் புத்தகமும் நோட்டும் குடுத்து என்ன ஆகப்போகுது? பொறுப்பான பள்ளிக்கூடம் வேற இல்லாமலா போச்சு?"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. "அதானே" என்றது ஒரு குரல். "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றது இன்னொன்று. சங்கத்தில் எல்லோரும் எதையும் இரண்டாவதாக நினைக்கக்கூடியவர்கள்.

பல் டாக்டர் தலையைச் சொறிந்தார். பிறர் வாயைத் திறக்க வைத்துப் பழகியவருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை. "யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்றார். பிறகு, யாராவது முடித்து வைத்தால் போதும் என்ற முகத்தோடு அக்கா பக்கம் திரும்பி மைக்கை நீட்டினார். "அம்மா, நீங்களே சொல்லிடுங்க. அவங்க குடுத்த அளவுப்படிதானே தைச்சீங்க?"

ஒரு "ஆமா" போதும். தலைமையாசிரியரே வழி திறந்து விட்டிருக்கிறார். ஆமா என்றால் கண்ணளவு அக்கா கண்ணளவு அக்காவாகவே வீடு போய்ச் சேரலாம், நர்சுகளின் சீருடை கைக்கு வரும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அடுத்த வருஷம் புத்தகம் போகாது. அவர்களுக்கு ஏன் என்றே தெரியாது. திரையில் அந்த நெட்டை மனிதர், ஒரு வார்த்தையும் புரியாமல், மரியாதையாகச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த காஜா திரும்பி அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை அக்காவுக்குக் காஜாவின் பேச்சைவிடத் தொந்தரவாக இருந்தது.

அக்கா எழுந்தாள்.

"இல்ல" என்றாள். மைக் அதைப் பெரிதாக்கியது.

"என்னம்மா?"

"அவங்க குடுத்த அளவுல நான் தைக்கல. தாள் சரியாத்தான் வந்துச்சு. நான்தான் நம்பல. மூணு இஞ்ச், நாலு இஞ்ச் குறைச்சு வெட்டினேன். எட்டுச் சட்டை கூடுதலா வந்துச்சே, அது அந்தப் பிள்ளைங்க உடம்புலேருந்து எடுத்த துணி."

பெயிண்ட் கடைக்காரர் நின்றபடியே இருந்தார். உட்காரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "ஏன் அக்கா, எதுக்குக் குறைச்சீங்க?"

"ஏழைப் பிள்ளைங்கன்னா சின்னதாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். நான் அப்படித்தான் இருந்தேன். போட்டோவுல அவங்களப் பார்க்காம என்னையே பார்த்து வெட்டியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, திரையைக் காட்டினாள். "அந்த வாத்தியாரு பக்கத்துல நின்னா நீங்களும் மூணடிதான் தெரிவீங்க. அது இப்பதான் தெரிஞ்சுது."

சிரிப்பு முதலில் பின்வரிசையில் கிளம்பி, பெயிண்ட் கடைக்காரரிடம் வந்து முடிந்தது. அவர் குள்ளம். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"டாக்டர், அவருகிட்ட சொல்லுங்க. மழை இல்லன்னு சொல்லுங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க. ஜூன் ரெண்டாம் தேதிக்கு முன்னாடி வேற சட்டை வரும். துணி என்னோட துணி."

டாக்டர் சொன்னார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். டாக்டர் மொழிபெயர்க்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்ன சொல்றாரு?"

"ஒவ்வொரு பிள்ளையையும் அவரேதான் மூணு தடவை அளந்தாராம். அவ்வளவு உசரத்துலேருந்து நாற்பத்து நாலு பேருக்கும் குனிஞ்சு குனிஞ்சு இன்னும் இடுப்பு வலி போகலயாம். அடுத்த தடவை தாளை நம்பலன்னாலும் பரவாயில்ல, தன்னோட இடுப்பையாவது நம்பச் சொல்றாரு."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார், குனிந்து.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது காஜா சொன்னாள்: "நர்சு ஆர்டர் போயிடுமே அண்ணி. மருத்துவமனைக்காரங்க மூணாவது வரிசைல உட்கார்ந்திருந்தாங்க."

"போனாப் போகட்டும்."

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"நீ இருந்திருப்பியா?"

"நான் தாளுல உள்ளபடியே வெட்டியிருப்பேன். சொல்ற வேலையே வந்திருக்காது."

கடை வந்து சேர்ந்ததும் அக்கா நூல்கண்டு டப்பாவை நகர்த்தினாள். அடியில் செருகிய தாளை உருவி, மடிப்பை நீவி வைத்தாள்.

திங்கட்கிழமை துணிக்கடையில் அதே இளநீலம் இல்லை, கொஞ்சம் அடர்த்தியான நீலம்தான் கிடைத்தது. டாக்டர் கேட்டுச் சொன்னார்: நீலமாக இருந்தால் சரியாம். அக்கா தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினாள். காஜா வரி வரியாகப் படித்தாள், அக்கா டேப்பால் துணியில் அளந்து வெட்டினாள். பதினேழாவது பிள்ளைக்கு மார்பு முப்பது என்று வந்தபோது அவள் கை நின்றது.

"பதினோரு வயசுக்கு முப்பதா?"

"அண்ணி."

"சரி, சரி. முப்பது."

சட்டைகள் பத்து நாளில் முடிந்தன. மே எட்டாம் தேதி விமானத் தபாலில் போயின, இருபத்து மூன்றாம் தேதி சேர்ந்தன. முதலில் போன ஐம்பத்திரண்டும் மழலை வகுப்புக்குக் கொடுக்கப்பட்டன. மருத்துவமனை நர்சுகளின் சீருடையை வேறு கடைக்குக் கொடுத்தது. பள்ளிக்கு அடுத்த ஆண்டுக்கான புத்தகங்களை அனுப்புவதென்று சங்கம் தீர்மானித்தது. பெயிண்ட் கடைக்காரர் முன்மொழிந்தார்.

ஜூன் இரண்டாம் தேதி நாற்பத்து மூன்று பிள்ளைகள் புதுச் சட்டையோடு வகுப்புக்குள் போனார்கள். நாற்பத்து நான்காவது பிள்ளையின் குடும்பம் மே மாதமே வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தது. அந்தச் சட்டை தலைமையாசிரியரின் அறையில் இருக்கிறது.